அஞ்சு பேப்பருக்காக ஒரு நீல விளக்கு

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷம். "மாமா, பிஎச்டி சேரலாமா வேணாமா?"

இந்தக் கேள்விய என்கிட்ட கேக்கறது, பாதிக் கிணத்துல பயந்து மேல ஏறினவன்கிட்ட நீச்சல் கத்துக்குடுன்னு சொல்ற மாதிரி. நான் மூணு வருஷம் பிஎச்டி பண்ணி, விட்டுட்டு வந்தவன். (எந்த ஊர், எந்தக் காலேஜ்னு சொல்ல மாட்டேன். ஒரு வாக்குவம் பம்ப்புக்கு ஆர்டர் போட்டுட்டு பதினாலு மாசம் காத்திருந்தேன்னு மட்டும் சொல்லிக்கறேன்.) அதனால அவனுக்கு அட்வைஸ் பண்ணாம ஒரு கதை சொன்னேன். அந்தக் கதைதான் இது.

இப்ப நாம பார்க்கற நிறைய போன், மானிட்டர்களோட வெளிச்சத்துக்கு ஆதாரம் கேலியம் நைட்ரைடு என்கிற ஒரு படிகம். கூரையில தொங்கற எல்ஈடி பல்புலயும் அதுதான். சிவப்பு எல்ஈடி 1962-லயே வந்தாச்சு, அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் செய்தார். நீலம் மட்டும் அதுக்கப்புறம் முப்பது வருஷம் யாருக்கும் பிடிபடல. நீலம் இல்லாம வெள்ளை கிடையாது, வெள்ளை இல்லாம வீட்டுக்கு விளக்கு கிடையாது.

முயற்சி பண்ணாம இல்லை. ஆர்சிஏ கம்பெனியில் மருஸ்கா என்கிற இளைஞர் அறுபதுகளின் கடைசியிலேயே இந்தப் படிகத்தை மெல்லிய படலமா வளர்த்துட்டார். 1972-ல் மங்கலா ஊதா வெளிச்சமும் வந்தது. 1974-ல் கம்பெனி கடையை மூடிடுச்சு. பிரச்சனை ரெண்டு. முதல்ல, இதை வளர்க்க ஏத்த அடித்தளம் இல்லை. கிடைச்சது நீலமணிக்கல் தட்டு. அதோட அணு இடைவெளிக்கும் இதோடதுக்கும் சுமார் 16 சதவீதம் வித்தியாசம். ஒரு சைஸ் செங்கல்ல கட்டின சுவர் மேல வேற சைஸ் செங்கல்ல வெச்சு பூசாம கட்டினா எப்படி இருக்கும்? விரிசல்தான். ரெண்டாவது, எல்ஈடிக்கு எலெக்ட்ரான் அதிகமா இருக்கற பக்கம் ஒண்ணு, எலெக்ட்ரான் குறைஞ்ச 'பி' பக்கம் ஒண்ணு வேணும். கேலியம் நைட்ரைடுல அந்த 'பி' பக்கம் வரவே மாட்டேன்னுது. உலகமே ஜிங்க் செலினைடு என்கிற வேற படிகத்துக்குத் தாவிடுச்சு.

தாவாம நின்னவர் இசாமு அகாசாகி. மாட்சுஷிதா கம்பெனியில் இதைப் பிடிச்சுக்கிட்டே இருந்தவர், 1981-ல் நகோயா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா வந்தார். அதே வருஷம் ஒரு சர்வதேசக் கூட்டத்தில் தன் முடிவுகளைச் சொன்னப்போ சபையில சலனமே இல்லையாம். அடுத்த வருஷம் அவர்கிட்ட மாணவரா வந்து சேர்ந்தவர் ஹிரோஷி அமானோ. வாங்கக் காசில்லாததால உலையை அவங்களே கட்டினாங்க. ஆயிரத்தைந்நூறு தடவைக்கு மேல வளர்த்துப் பார்த்தும் கிடைச்சதெல்லாம் மூடுபனி மாதிரி கலங்கின படலம். 1985-ல் ஒரு நாள் உலை மக்கர். வேண்டிய சூடு ஏறல. சரி, குறைஞ்ச சூட்டிலேயே அலுமினியம் நைட்ரைடை முதல்ல மெல்லிசா பூசி, அதுக்கு மேல இதை வளர்ப்போம்னு போட்டார். எடுத்துப் பார்த்தா கண்ணாடி மாதிரி தெளிவு. கேலியம் வாயுவைத் திறக்கவே மறந்துட்டோமோன்னுதான் முதல்ல நினைச்சாராம்!

எனக்கு பம்ப் ரிப்பேர் ஆனப்போ நான் செஞ்சது கேன்டீன்ல டீ குடிச்சதுதான். சரி விடுங்க.

1989-ல் இவங்க ரெண்டு பேரும் 'பி' பக்கத்தையும் கொண்டு வந்துட்டாங்க. மக்னீசியம் கலந்த படிகத்து மேல எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினா அது சரியாகுது. ஏன்னு மட்டும் அப்ப தெளிவா தெரியல.

இப்ப நம்ம ஹீரோ. ஷுஜி நகாமுரா. தோகுஷிமா பல்கலைக்கழகத்துல முதுகலை முடிச்சவர். பெரிய கம்பெனி வேலை கிடைச்சும், கல்யாணமாகி குழந்தையும் இருந்ததால ஊர்ப்பக்கத்துலயே இருப்போம்னு 1979-ல் நிச்சியா என்கிற சின்ன கம்பெனியில சேர்ந்தார். டிவி ட்யூபுக்கும் குழல் விளக்குக்கும் பூசற ஒளிரும் பொடி தயாரிக்கற கம்பெனி. முதல் பத்து வருஷம் கேலியம் பாஸ்பைடு, சிவப்பு எல்ஈடிக்கான சரக்குன்னு தனி ஆளா செஞ்சு குடுத்தார். குவார்ட்ஸ் குழாயை அவரே பத்தவெச்சு ஒட்டணும். அது அடிக்கடி வெடிக்கும், பாஸ்பரஸ் தீப்பிடிக்கும். கஷ்டப்பட்டு செஞ்ச சரக்கு சந்தைக்குப் போனா, பெரிய கம்பெனி பேர் இல்லைன்னு விக்காது. திட்டு மட்டும் இவருக்கு.

1988-ல் நேரா கம்பெனி நிறுவனர் நொபுவோ ஒகாவாகிட்ட போய் நீல எல்ஈடி செய்யறேன், காசு குடுங்கன்னார். ஆச்சரியம், சரின்னுட்டார். சுமார் 30 லட்சம் டாலர். கூடவே ஒரு வருஷம் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார், படிகம் வளர்க்கற எம்ஓசிவிடி கருவியைக் கத்துக்கிட்டு வாங்கன்னு.

இந்த புளோரிடா வருஷம்தான் எனக்கு இந்தக் கதையோட உயிர். போன இடத்துல கருவியே காலியா இல்லை. பத்து மாசம் உதிரிப் பாகங்களை வெச்சு தானே ஒண்ணு கட்டினார். கூட இருந்தவங்க எல்லாம் டாக்டர்கள், டாக்டராகப் போறவங்க. முதல்ல நல்லா பழகினாங்களாம். இவர்கிட்ட பிஎச்டி இல்லை, ஒரு கட்டுரை கூட வெளியாகலைன்னு தெரிஞ்சதும் டெக்னீசியன் மாதிரி நடத்தினாங்களாம். (கம்பெனி ரகசியம்னு நிச்சியா கட்டுரை எழுத விட்டதில்லை. பத்து வருஷ வேலைக்கு வெளியில காட்ட ஒரு காகிதம் கிடையாது.) முப்பத்தி நாலு வயசு. வேலை தெரிஞ்ச ஆள். தனக்குப் பாதி கூட தெரியாதவங்க முன்னாடி ஸ்பேனர் பிடிச்சு நிக்கணும்.

கோபத்தோட ஊருக்குத் திரும்பினவர் மனசுல இருந்தது நோபல் இல்லை, நீல விளக்கு கூட இல்லை. அப்ப ஜப்பான்ல ஒரு வழி இருந்தது. வகுப்புக்குப் போகாமலேயே, வெளியான கட்டுரைகளைக் காட்டி டாக்டர் பட்டம் வாங்கலாம். அஞ்சு பேப்பர் இருந்தா போதும்னு அவர் கணக்கு. எந்தப் படிகத்துல வேலை செஞ்சா அஞ்சு பேப்பர் சீக்கிரம் தேறும்? ஜிங்க் செலினைடுல ஊரே எழுதுது. கேலியம் நைட்ரைடுல விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் ஆள். எதை எழுதினாலும் புதுசு. அதனால கேலியம் நைட்ரைடு! இதை அவரே பல தடவை வெளிப்படையா சொல்லியிருக்கார். நீல எல்ஈடி இதுல வரும்னு அவர் நம்பவே இல்லையாம்.

எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துது, அப்புறம் வயித்தைக் கலக்கிச்சு. பட்டத்துக்காக ஆராய்ச்சி பண்றவங்களை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்!

அப்புறம் நடந்தது அசுர உழைப்பு. விலைக்கு வாங்கின கருவியை காலையில் பிரிச்சு மாத்துவார், மதியம் படிகம் வளர்ப்பார், மறுநாள் திரும்பவும். ஒண்ணரை வருஷம் போல இப்படி. 1990-ல் ரெண்டு பக்கமிருந்து வாயு பாயற மாதிரி ஒரு அமைப்பு. பக்கவாட்டு வாயு படிகத்துக்கான கலவை, மேலிருந்து வர்றது அதைத் தட்டோட அழுத்திப் பிடிக்கும். படிகம் உலகத்தரத்துக்கு வந்துடுச்சு. இடையில கம்பெனியில தலைமை மாறி, வேலையை நிறுத்துன்னு குறிப்பு வந்தது, நான் கண்டுக்கலைங்கறார். ரகசியமா பேப்பரும் அனுப்பினார். 1992-ல் அந்த 'பி' பக்கப் புதிரும் அவிழ்ந்தது. அம்மோனியாவிலிருந்து வர்ற ஹைட்ரஜன்தான் மக்னீசியத்தைக் கட்டிப் போடுது. நைட்ரஜன்ல வெச்சு சூடு பண்ணினா ஓடிடும். எலெக்ட்ரான் கற்றையே வேணாம், அடுப்பு போதும்.

1993 நவம்பரில் பளிச்சுனு எரியற நீல எல்ஈடியை நிச்சியா அறிவிச்சது. இதுல வேடிக்கை, படிகத்துல சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடிக்கு மேல குறை. பாடப்புத்தகப்படி எரியவே கூடாது! 1996-ல் அதே படிகத்துல நீல-ஊதா லேசர். சிடி படிக்கற லேசர் 780 நானோமீட்டர், டிவிடி 650, நீல-ஊதா 405. அலைநீளம் குறையக் குறைய இன்னும் சின்னப் புள்ளியைப் படிக்கலாம். அதனாலதான் 4.7 ஜிபி டிவிடி அளவுத் தட்டுல ப்ளூ-ரே 25 ஜிபி அடக்கிச்சு.

இவ்வளவுக்கும் அந்த ரெண்டு வாயு பேட்டன்ட்டுக்கு அவருக்குக் கிடைச்ச ஊக்கத்தொகை 20,000 யென். பொண்டாட்டி பிள்ளைங்களோட ஒரு நல்ல ஓட்டல்ல ரெண்டு தடவை சாப்பிடலாம்.

1999 கடைசியில கம்பெனியை விட்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்துல மெட்டீரியல்ஸ் துறைப் பேராசிரியரா போனார். 2001-ல் நிச்சியா மேல வழக்கு. 2004 ஜனவரியில டோக்கியோ மாவட்டக் கோர்ட் கணக்கு போட்டு, இவருக்குச் சேரவேண்டியது 6,040 கோடி யென்னு சொல்லிச்சு. ஆனா இவர் கேட்டிருந்தது 2,000 கோடி, அதனால அவ்வளவு குடுங்கன்னு தீர்ப்பு. மேல்கோர்ட்ல 2005-ல் சுமார் 84 கோடிக்கு சமரசம். அதுலயும் அவருக்குத் திருப்தி இல்லை. நியாயமா ஒண்ணு சொல்லணும். நிச்சியாவுல அவரோட கூட உழைச்ச இளைஞர்கள் இருந்தாங்க, காசைத் தூக்கிக் குடுத்த அந்தக் கிழவரும் இருந்தார். பேச்சுல இவங்க பின்னாடி போயிடறாங்க.

நகோயாவுல கதை வேற. அகாசாகியோட பேட்டன்ட் வருமானத்துல பல்கலைக்கழகம் 2006-ல் அவர் பேர்லயே ஒரு ஆய்வு நிலையம் கட்டிச்சு. 2014-ல் மூணு பேருக்கும் நோபல். ஹோலோனியாக் தன்னை விட்டுட்டாங்கன்னு வெளிப்படையாவே வருத்தப்பட்டார். 2022-ல் காலமானார். அகாசாகி 2021-ல் போய்ச் சேர்ந்தார், 92 வயசு.

அக்கா பையன் எல்லாத்தையும் கேட்டுட்டு, கோர்ட் கோடிகளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

"மாமா, அந்த அஞ்சு பேப்பர் பிஎச்டி என்னாச்சு, குடுத்தாங்களா?"

குடுத்தாங்கடா. 1994-ல், அதே தோகுஷிமா பல்கலைக்கழகம். விளக்கு எரிஞ்சு அடுத்த வருஷம்.