கயிறு பிடித்துக் குகைக்குள் இறங்கும் முன்: கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகள்

நம்மவர்களுக்குக் குகை என்றதும் பத்துமலையின் 272 படிகளும், ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலைக் கோயிலும்தான் நினைவுக்கு வரும். அதே சுண்ணாம்பு மலைகளுக்குள் படியும் விளக்கும் இல்லாத குகைகளும் நிறைய உண்டு. பள்ளி விடுமுறையில் இளைஞர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, கயிறும் டார்ச் லைட்டுமாக அவற்றைத் தேடிப் போவது இப்போது அதிகம் காணப்படுகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் எந்தக் கயிறு, எந்த நேரம், யார் துணை என்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் அருகில் உள்ள குவா தெம்புருங், தீபகற்ப மலேசியாவின் பெரிய சுண்ணாம்புக் குகைகளுள் ஒன்று. தெம்புருங் என்றால் சிரட்டை. உள்ளே கவிழ்த்து வைத்த சிரட்டை போல ஐந்து பெரிய மண்டபங்கள் இருப்பதால் இந்தப் பெயர். மலையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆறும் ஓடுகிறது. ஒரு காலத்தில் உள்ளே ஈயம் தோண்டியிருக்கிறார்கள். 1948-இல் தொடங்கிய அவசர காலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு இது ஒளிவிடமாக இருந்தது. 1997-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு நடைபாதையும் விளக்குகளும் வந்தன. ஆற்றோடு போகும் பயணத்தை வழிகாட்டியுடன்தான் செய்ய வேண்டும். அதில் தவழ்ந்தும் தண்ணீரில் படுத்தும் போக வேண்டிய இடங்கள் உண்டு. புதியவர்கள் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் பேராக்கில் இல்லை. கயிற்றில் தொங்கி இறங்கும் செங்குத்தான பள்ளங்கள் அதற்கு அடுத்த வகுப்பு.

இந்த மலைகளின் பாறை 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகி, வெடிப்புகள் வழியே இறங்கிப் பாறையைக் கரைக்கிறது. குகை உண்டானது அப்படித்தான், பாறை பெயர்ந்து விழுவதும் அதனால்தான். 1973 அக்டோபரில் குனோங் சீரோவிலிருந்து பெரும் பாறைப் பலகை ஒன்று பெயர்ந்து அடிவாரக் குடியிருப்பின் மேல் விழுந்ததில் சுமார் 40 பேர் இறந்தனர். ஈப்போவின் பெரியவர்கள் சிலர் அதை இன்றும் மறக்கவில்லை. கயிற்றைக் கட்டும் பாறையை முதலில் தட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலித்தால் அங்கே கட்டக்கூடாது. நல்ல பாறையானாலும் ஒரே பிடியை நம்பாமல் இரண்டு இடங்களில் கட்டுவதே வழக்கம்.

இனி கயிறு. லோரியில் தார்ப்பாய் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றையோ கிணற்றுக் கயிற்றையோ எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் கயிறு உரசும் சூட்டிலேயே இளகிவிடும். குகைக்கு வேண்டியது நைலானில் செய்த, உள்ளே இழைகளும் வெளியே உறையும் கொண்ட, அதிகம் நீளாத கயிறு. 10 அல்லது 11 மில்லிமீட்டர் பருமனில் புதிய கயிறு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். முடிச்சுப் போட்டால் அந்த வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பாறை விளிம்பில் உரசவிட்டால் மீதியும் போய்விடும். ஆகவே விளிம்பில் கனத்த துணி உறை போடுவார்கள், அல்லது கீழே இன்னோர் இடத்தில் மறுபடி கட்டிக் கயிற்றைப் பாறையிலிருந்து விலக்குவார்கள். மலையேறுபவர்கள் பயன்படுத்தும் நீளும் கயிறு வேறு, இது வேறு. கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

கயிற்றின் நுனியில் ஒரு பெரிய முடிச்சு அவசியம். கயிறு தரையைத் தொடுகிறது என்று நினைத்து இறங்கி, நுனியைத் தாண்டி நழுவி விழுந்தவர்கள் உலகெங்கும் உண்டு. நீண்ட கூந்தல், துப்பட்டா, தொளதொள சட்டை ஆகியவை இறங்கு கருவியில் சிக்கிக்கொள்ளும். நடுவழியில் சிக்கி அசையாமல் தொங்குவது வெறும் சங்கடம் அல்ல. இடுப்புவாரில் அசைவின்றித் தொங்குபவருக்கு இரத்த ஓட்டம் கெட்டுச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். இறங்கத் தெரிந்தால் போதாது, அதே கயிற்றில் ஏறவும் தெரிந்திருக்க வேண்டும். இதை முதலில் வெளிச்சத்தில், தாழ்வான இடத்தில் பழக வேண்டும். குகைக்குள் கத்தினால் எதிரொலியில் எதுவும் புரியாது என்பதால் விசில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு முறை ஊதினால் நில், இரண்டு என்றால் மேலே, மூன்று என்றால் கீழே.

வெளிச்சத்துக்கு ஆளுக்கு மூன்று விளக்கு, அதில் ஒன்று தலையில். தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தலைவிளக்கு புதிதல்ல. விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் கட்டியிருந்த கார்பைட் விளக்கைத்தான் குகையாளர்களும் பல ஆண்டுகள் பயன்படுத்தினர். கார்பைடில் தண்ணீர் சொட்டினால் எரிவாயு வரும். அது எரியும் வாசனை தாத்தா பாட்டிக்கு இன்னும் தெரியும். இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது.

பாறை, கயிறு இரண்டையும்விட ஆபத்தானது மழை. 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் பயிற்றுநரும் வெள்ளத்தில் சிக்கி, ஜூலை 10-ஆம் தேதிதான் அனைவரும் வெளியே வந்தனர். மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சரவாக் முலுவில் ஒரு சுற்றுப்பயணியும் அவருடைய வழிகாட்டியும் குகை வெள்ளத்தில் மாண்டனர். கிந்தாவில் பிற்பகல் மழை சாதாரணம். வாசலில் வெயில் அடித்தாலும் மலைக்கு அப்பால் பெய்த மழை ஆற்றை உயர்த்திவிடும். காலையிலேயே போய் மதியத்துக்குள் வெளியேறிவிடுவது நல்லது. தண்ணீர் திடீரென்று கலங்கினால் அடுத்த மண்டபத்தைப் பார்க்கும் எண்ணத்தை விட்டு உடனே உயரமான இடத்துக்குப் போக வேண்டும்.

எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் எழுதி வைக்க வேண்டும். குகைக்குள் கைப்பேசி எடுக்காது. அந்த நேரம் கடந்துவிட்டால் 999-க்கு அழைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே. மலேசிய இயற்கைக் கழகத்தின் சிலாங்கூர் கிளையில் குகைக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அத்தகைய அனுபவசாலிகளுடன் சேர்ந்து போவதே முறை.

கால் கையில் புண் இருப்பவர்கள் ஆற்றுக் குகையைத் தவிர்ப்பது நல்லது, எலிச் சிறுநீர்க் கிருமி அந்த வழியாக உடலுக்குள் வரலாம். வௌவால் எச்சத்தூளைச் சுவாசித்தால் நுரையீரல் நோய் வரலாம். போய் வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், குகைக்குப் போனதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கயிற்றை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். சேற்றோடு சுருட்டி வைத்தால் மணல் இழைக்குள் புகுந்து அறுக்கும், அது வெளியே தெரியவும் தெரியாது.