அங்கே நமக்கு யார் இருக்கா?

எதிர் வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குப் போகிறாள். எங்கள் கோவில்பட்டியிலேயே கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் தூத்துக்குடி, பாளையங்கோட்டை, மதுரை என்று எத்தனையோ. "ஏம்மா அவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். பாடப்பிரிவு, வேலைவாய்ப்பு, பிளேஸ்மெண்ட் என்று அடுக்கினாள். பிறகு, "நீங்க மட்டும் மதுரையைத் தாண்டி திருச்சிக்கு ஏன் போனீங்க தாத்தா?" என்று திருப்பிக் கேட்டாள்.

உடனே பதில் வந்துவிட்டது. "அங்கே என் அத்தை இருந்தாங்க."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அதற்குப் பிறகுதான் யோசனை. கல்லூரியின் பெயரையோ, தரத்தையோ, பாடத்தையோ எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை. 1964-இல் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று அப்பா கேட்ட ஒரே கேள்வி, "எந்த ஊர்ல நமக்கு யார் இருக்கா?" என்பதுதான். மதுரையில் யாரும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு தூரத்துச் சொந்தம், பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். திருச்சியில் அத்தை. மாமாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, தங்குவதற்கு குவார்ட்டர்ஸ். ஆக, திருச்சி. தூத்துக்குடி லைனில் பாசஞ்சர் ஏறினால் மதுரை, திண்டுக்கல் தாண்டி திருச்சி ஜங்ஷன். தெப்பக்குளம் பக்கத்துக் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன்.

பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போய்ப் படிப்பதைப் பற்றிப் பேசும்போது, படிப்பைத் தேடிப் போனார்கள் என்றே எல்லோரும் சொல்கிறோம். பழைய கதைகளைக் கிளறிப் பார்த்தால், சோறும் படுக்க இடமும் எங்கே கிடைத்ததோ அங்கேதான் போயிருக்கிறார்கள். படிப்பு அதற்கு அடுத்தபடிதான்.

கணித மேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் விட்டதால் உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். தங்கியது ஜார்ஜ் டவுனில் தாயாரைப் பெற்ற பாட்டியின் வீட்டில். பாட்டி சென்னையில் இல்லாவிட்டால் அவர் எங்கே போயிருப்பார்?

இன்னும் பின்னால் போகலாம். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அந்தச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு வரவழைத்தவர் பெர்சிவல் பாதிரியார். தினவர்த்தமானி பத்திரிகை வேலைக்காக. யாழ்ப்பாணத்தில் அவர்களைத் தெரிந்த ஒருவர் சென்னையில் இருந்து கூப்பிட்டார், கடல் தாண்டி வந்தார்கள். அத்தை வீடு மாதிரிதான் இதுவும்.

பெரிய சொந்தமோ, பாதிரியாரோ இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு, திங்கட்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீட்டில் சாப்பிட்டுப் படிப்பார்கள். சில வீட்டில் அன்பாகப் போடுவார்கள், சில வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு போடுவார்கள். எப்படியோ வயிறு நிறைந்தது. பெரிய பெரிய உத்தியோகத்துக்குப் போனவர்களில் வாரச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள் உண்டு.

மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. கோயம்புத்தூரிலிருந்தோ தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ ஒரு பையன் சென்னைக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினால், தங்க வீடு கிடைக்காது. ஓட்டலிலும் மெஸ்ஸிலும் சாதி பார்த்துத்தான் இலை போடுவார்கள். கையில் காசு இருந்தும் சோறு கிடைக்காத நிலை. கல்லூரியில் இடம் கிடைத்தும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் இருந்தார்கள். இதைப் பார்த்துத்தான் டாக்டர் சி. நடேச முதலியார் 1916-இல் திருவல்லிக்கேணியில் 'திராவிட இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார். நீதிக்கட்சி வரலாறு எழுதுபவர்கள் அரசியலை விரிவாக எழுதிவிட்டு இந்த விடுதியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த இரண்டு வரிதான் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். இன்னொருவர் டி.எம். நாராயணசாமி பிள்ளை, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் பாடு இதைவிடக் கஷ்டம். திராவிட இல்லம் தொடங்கிய அதே 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். பள்ளியோடு பிள்ளைகள் தங்கிச் சாப்பிடவும் ஏற்பாடு செய்தார். அது இல்லாமல் பள்ளி மட்டும் கட்டிப் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான், இன்னும் கெடுபிடியாக. 1914-இல் சென்னைக் கடற்கரையில் இராணி மேரிக் கல்லூரி வந்தது. ஆனால் வெளியூர்ப் பெண்ணை யார் நம்பி அனுப்புவார்கள்? சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தன் பொறுப்பில் சேர்த்து, ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். "அங்கே யார் இருக்கா?" என்ற கேள்விக்கு, "நான் இருக்கேன்" என்று ஒரு பெண்மணி சொன்னதால் நடந்த காரியம் அது.

கலாம் அவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம், அங்கிருந்து 1950-இல் திருச்சி புனித வளனார் கல்லூரி, விடுதி வாசம். (அந்தக் கல்லூரியே ஊர் மாறி வந்ததுதான். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்தது.) பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, அக்கா சோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவருக்கு அக்கா. எனக்கு அத்தை.

என் சிநேகிதன் ஒருவனுக்கு இரண்டு பேருமே இல்லை. பெயர் வேண்டாம், வருத்தப்படுவான். பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாகப் படிப்பான். கணக்கில் நான் அவனைப் பார்த்து எழுதியது உண்டு, இப்போது சொன்னால் யாரும் மார்க்கைப் பிடுங்கப் போவதில்லை. அவனுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து கார்டு வந்தது. ஊரே பார்த்தது அந்தக் கார்டை. ஆனால் சென்னையில் அவர்களுக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டும். அவன் அப்பா நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தார். சேர வேண்டிய தேதி போய்விட்டது. நான் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறிய அன்று ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தூக்கி வைத்தவன் அவன்தான். அடுத்த வாரம் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதப் போய்விட்டான்.

1966-இல் கோவில்பட்டியிலேயே கல்லூரி வந்துவிட்டது. அப்போது நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது, "ரெண்டு வருஷம் முந்தி வந்திருக்கலாம்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதே கல்லூரி இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் நான் திருச்சியையே பார்த்திருக்க மாட்டேன்.

நான் திருச்சிக்குப் போன அதே 1964-இல்தான் அங்கே ரீஜினல் இன்ஜினியரிங் காலேஜும் தொடங்கியது. இந்த ஆர்.இ.சி.க்களில் ஒரு ஏற்பாடு. பாதி இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலத்தாருக்கு. வாரங்கல், சூரத்கல் எல்லாம் அப்படித்தான். பிள்ளைகளை ஊர் மாற்றிப் படிக்கவைக்க வேண்டும் என்று அரசாங்கமே திட்டம் போட்டு, விடுதியும் கட்டிக் கொடுத்தது. திருச்சி ஜங்ஷனில் இந்தியிலும் வங்காளியிலும் பேசிக்கொண்டு பெட்டி படுக்கையோடு இறங்கும் பையன்களை அதிசயமாகப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எழுபதுகளில் காற்று வேறு பக்கம் அடித்தது. இன்ஜினியரிங், மெடிக்கல் ஆசை எல்லா வீட்டிலும் புகுந்துவிட்டது. தமிழ்நாட்டில் இடங்களோ சொற்பம். கர்நாடகத்தில் தனியார் கல்லூரிகள் முன்பே வந்திருந்தன. மணிப்பாலில் 1953-இலேயே மருத்துவக் கல்லூரி, 1957-இல் பொறியியல் கல்லூரி. பிறகு மற்ற ஊர்களிலும் வரிசையாக வந்தன. நன்கொடை என்று ஒரு தொகை கட்டினால் இடம். சாதிச் சான்றிதழோ, சொந்தக்காரனோ வேண்டாம். இப்போது கேள்வி மாறியது. "யார் இருக்கா?" போய், "எவ்வளவு இருக்கு?" வந்தது.

என் சிநேகிதன் அதற்குள் சொந்தமாக ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்துவிட்டான். தன் மூத்த பையனைக் கர்நாடகத்தில் இன்ஜினியரிங் சேர்த்தான். ஊருக்குத் தெற்கே இருந்த கரிசல் காடு ஒன்று கைமாறியது. "பாஷை தெரியாத ஊர்ல பையன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். "துட்டு கட்டினா ரூமும் சோறும் தர்றான்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படித் தமிழ்நாட்டுப் பணம் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு இங்கேயே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சிநேகிதனுக்குக் கொஞ்சம் தாமதம். இவன் ராசி அப்படி.

வெளியூர்க்காரனுக்கு விலை அதிகம் என்பது பிறகு கோர்ட் வரைக்கும் போயிற்று. மோகினி ஜெயின் என்ற உத்தரப்பிரதேசப் பெண் தொடுத்த வழக்கு. கர்நாடகத் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருஷம் 2,000 ரூபாய். அதற்கு வெளியே, கர்நாடக மாணவருக்கு 25,000. வேறு மாநிலத்தாருக்கு 60,000. இதுதான் அரசாங்கமே அறிவிப்பில் போட்ட கணக்கு. படிப்பு ஒன்று, பேராசிரியர் ஒருவர், உட்காரும் பெஞ்சு ஒன்று. 1992-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அடுத்த வருஷமே உன்னிகிருஷ்ணன் வழக்கில் மறுபடி கட்டண முறை மாறியது. அந்தச் சட்டச் சிக்கலுக்குள் நான் போகவில்லை.

எதிர் வீட்டுக்கு வருகிறேன். பிளேஸ்மெண்ட் என்று அந்தப் பெண் சொன்னாளே தவிர, அவள் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. கோயம்புத்தூரில் மூன்று கல்லூரி பார்த்தார்களாம். ஒன்றில் விடுதி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் தூரம், இருட்டு. இன்னொன்றில் மெஸ் சாப்பாடு சரியில்லை என்று சீனியர் பிள்ளைகள் சொன்னார்கள். மூன்றாவதில் சேர்த்துவிட்டார்கள். என் அப்பா உயிரோடு இருந்தால், சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நான் அங்கே இருந்த நாலு வருஷத்தில் பாதி, அரிசி கிடைக்காத காலம். 1965, 66-ஐ மறக்க முடியாது. மாமாவின் சம்பளத்தில் ஏற்கெனவே ஐந்து பேர், நான் ஆறாவது. ஒவ்வொரு லீவு முடிந்து திரும்பும்போதும் அம்மா ஒரு மூட்டை கம்பும், கொஞ்சம் மிளகாய் வற்றலும் கட்டிக் கொடுப்பாள். பொன்மலையில் யார் கம்பு தின்பார்கள், வீணாகப் போகும் என்று எனக்கு வெட்கமாக இருக்கும். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும் முன்பே அத்தை எழுந்து மாமாவுக்கும் எனக்கும் தூக்குச்சட்டியில் சோறு கட்டி வைத்துவிடுவார்கள். சுடுசோறு, ஒரு நாளும் தவறியதில்லை. நான் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அத்தை 1999-இல் காலமானார்கள். பதினாறாம் நாள் முடிந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அத்தை மகள்தான் சொன்னாள். "அண்ணே, நீ கொண்டு வருவியே அந்தக் கம்பு, அதுலதான் அம்மா மத்தியானம் கூழு காய்ச்சிக் குடிப்பாங்க. நாலு வருஷமும்."