பதிவுப் புத்தகமும் வாகனமும்: யங்கோன் கராஜ்களின் வரலாறு குறித்து

யங்கோனுக்குப் போய்வந்த மேற்கத்தையப் பயணிகள் எழுதியவற்றில் அந்நகரத்தின் பழைய வாகனங்கள் பற்றி ஒரு பந்தியாவது இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்து இராணுவ லொறிகள் மரக்கூடு பூட்டிய பஸ்களாக ஐம்பது அறுபது வருடங்கள் ஓடியதை அவர்கள் வியப்புடன் சொல்வார்கள். ஓடும் அருங்காட்சியகம் என்று எழுதிவிட்டு அடுத்த பகோடாவுக்குப் போய்விடுவார்கள். எமது புகலிடச் சூழலிலும் இதற்கு ஒத்த பேச்சு ஒன்று உண்டு. பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம் என்பதை ஒன்றுகூடல்களில் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு பேச்சுகளிலும் திறமை இருக்கின்றது, அரசியல் இல்லை. பழைய லொறி ஏன் பழையதாகவே ஓட வேண்டி வந்தது, அதை ஓட வைத்தவர் யார், அதனால் இலாபம் கண்டவர் யார் என்ற கேள்விகள் வியப்பிலும் பெருமையிலும் அமுங்கிப்போகின்றன. யங்கோன் வாகனம் ஒன்றின் உறுப்புகளைக் கழற்றிப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஏதோவொரு அரசாங்கத்தின் முடிவு இருக்கக் காணலாம். அப்படிக் கழற்றிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் யுத்தம். 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் றங்கூனுக்குள் நுழைவதற்கு முன்னர், சீனாவுக்கு அனுப்பவென்று துறைமுகத்தில் கிடந்த அமெரிக்க லொறிகளில் கொண்டுபோக முடியாதவற்றை, பொருத்தி முடிக்கப்படாத 900க்கும் மேற்பட்டவற்றை, அமெரிக்க அதிகாரிகளே அழித்தார்கள். அவற்றுடன் ஆயிரக்கணக்கான ரயர்களும் போயின. 1945 மேயில் பிரித்தானியர் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது அவர்களுடன் வந்தவை வேறு லொறிகள். அவற்றில் கனடாவில் செய்யப்பட்டவை முக்கியமானவை. யுத்தகாலத்தில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களை உற்பத்தி செய்தது. அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒரே மாதிரியான குட்டை மூக்குடன் செவ்ரலே, போர்ட் என்ற இரு பெயர்களிலும் வந்த லொறிகள். ஒஷாவாவிலும் வின்ட்சரிலும் இருந்த தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை அவை. ஸ்காபரோவிலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே போகும் எம்மவர்கள் ஒஷாவாவைத் தாண்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்ததும் இந்த லொறிகள் பர்மாவில் எஞ்சின. அவை ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்பதற்கு 'கனடாவின் உறுதியான இரும்பு' என்ற பதில் போதாது. செவ்ரலே லொறியின் 3.5 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின் குறைந்த அமுக்கத்தில் இயங்குவது. மட்டமான பெற்றோலையும் பொறுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, அதன் இணைப்புத் தண்டுகளின் பெயாரிங், கடையில் வாங்கிப் பொருத்தும் பெயாரிங் அல்ல. ஈயமும் தகரமும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, பின் கையால் சுரண்டி அளவுக்குக் கொண்டுவருவது. இந்த வேலைக்குத் தொழிற்சாலை தேவையில்லை. அடுப்பும் அச்சும் பழகிய கையும் போதும். உதிரிப்பாகம் கப்பலில் வராத நாட்டிலும் இந்த எஞ்சினை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பின்னாளில் வந்த நுட்பமான எஞ்சின்கள் இந்தச் சலுகையைத் தரவில்லை.

பழகிய கை என்றேன். அது யாருடைய கை? 1931 குடிசன மதிப்பீட்டின்படி றங்கூனின் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். தெலுங்கர், தமிழர், சிட்டகொங்கினர், ஒரியர், இந்துஸ்தானிகள் எனத் துறைமுகத்திலும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்தவர்கள். பர்மாத் தமிழர் என்றவுடன் செட்டியார்களையும் அவர்களிடம் போன நிலங்களையுமே பேசுவது எமது வரலாற்றெழுத்தின் பழக்கமாகிவிட்டது. வட்டிக் கணக்குகள் ஆவணமாக எஞ்சுகின்றன, பட்டறைக் கூலி எஞ்சுவதில்லை. 1942இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. வழியில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். திரும்பி வந்தவர்களும் போகாமல் நின்றவர்களுமாக யுத்தத்துக்குப் பின்னைய நகரத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒரு பகுதியினரை, 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின்னின் அரசு மீண்டும் வெளியேற்றியது. 1964 மார்ச்சில் றங்கூனின் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாயின. அந்தச் சில வருடங்களில் மூன்று லட்சம் அளவிலான இந்தியர்கள் வெளியேறினர். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். சென்னையின் பர்மா பஜாரும் மணிப்பூர் எல்லையில் மோரேயின் தமிழ்க் குடியிருப்பும் அதன் மிச்சங்கள். பர்மிய வழிச் சோசலிசம் என்று பெயர் சூட்டிக்கொண்ட இந்த நடவடிக்கையில் முதலாளியும் போனான், அவனிடம் கூலிக்கு நின்ற பிற்றரும் போனான். எமது இடதுசாரிகளில் சிலர் அந்நாட்களில் இதை முற்போக்கானது என்று வரவேற்றதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

இனி, நட்டஈடு. 1951 செப்ரெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதியாகச் சென்ற ஜே.ஆர். ஜயவர்த்தனா, பகைமை பகைமையால் தணிவதில்லை என்ற புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, ஜப்பானிடம் நட்டஈடு கேட்க மாட்டோம் என்றார். (அதே மனிதர் 1983இல் புத்தரை எங்கே விட்டுவைத்தார் என்பது வேறு கதை.) பர்மா அம்மாநாட்டுக்கே போகவில்லை. 1954 நவம்பர் 5இல் தனியாக ஒப்பந்தம் செய்து, பத்து வருடங்களில் 200 மில்லியன் டொலர் பெறுமதியான பொருட்களையும் சேவைகளையும் நட்டஈடாகப் பெற்றது. 1963இல் மேலும் 140 மில்லியனுக்கு உடன்பாடு கண்டது. காசாக அல்ல, ஜப்பானியப் பண்டமாக என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பணத்திலும் பின்னர் வந்த ஜப்பானிய உதவியிலும் நான்கு கைத்தொழில் திட்டங்கள் நடந்தன. பெரிய வாகனங்களுக்கு ஹினோ, சிறியவற்றுக்கு மஸ்டா, விவசாய இயந்திரங்களுக்குக் குபோட்டா, மின்சாதனங்களுக்கு மற்சுஷிற்றா. யங்கோனில் செவ்ரலேக்குப் பக்கத்தில் ஹினோ பஸ் ஓடியதும், 577 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் மஸ்டா பி600 என்ற குட்டிப் பிக்கப் ராக்சியாகத் திரிந்ததும் இப்படித்தான். யுத்தத்தில் அழித்ததற்கு ஈடாக வந்த பொருள், அடுத்த முப்பது வருடங்களுக்கு அதே நாட்டின் உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கும் சந்தையை உருவாக்கியது. நட்டஈடு வேண்டாம் என்ற இலங்கையும் 1977க்குப் பின்னர் ஜப்பானிய வாகனங்களால் நிறைந்தது என்பதால், இந்த விடயத்தில் ஜே.ஆரின் பெருந்தன்மைக்கும் பர்மாவின் பேரத்துக்கும் முடிவில் பெரிய வித்தியாசமில்லை.

1970 டிசம்பர் 6இல் நே வின் அரசு வீதியின் இடப்பக்கமாக ஓடிய போக்குவரத்தை வலப்பக்கத்துக்கு மாற்றியது. வாகனங்களை மாற்றவில்லை. ஸ்ரியறிங் வலப்பக்கம், கதவு இடப்பக்கம் என்றிருந்த பஸ்களில் பயணிகள் நடுவீதியில் இறங்க வேண்டியதாயிற்று. கராஜ்காரர்கள் வலப்பக்கத்தில் புதுக் கதவு வெட்டினார்கள். பின்னாளில் ஜப்பானிலிருந்து பழைய பஸ்கள் வந்தபோதும் இதே அறுவைச் சிகிச்சைதான். பிற்பாடு ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் லைன் வாகனமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்: பின்னால் ஏறிப் பின்னால் இறங்கும் வண்டிக்கு இடமும் ஒன்றுதான் வலமும் ஒன்றுதான்.

1988 எழுச்சி நசுக்கப்பட்ட பின்னர் இராணுவம் சோசலிசத்தைக் கைவிட்டுச் சந்தையைத் திறந்தது. வாகன இறக்குமதி அனுமதியை மாத்திரம் இறுகப் பிடித்துக்கொண்டது. அனுமதி கிடைப்பது அதிகாரத்துக்கு நெருங்கியவர்களுக்கு. அதனால் யப்பானில் காயலான் விலைக்குப் போகும் கார் யங்கோனில் பல்லாயிரம் டொலருக்கு விற்றது. எல்லை வழியாகக் கடத்தி வந்த, பதிவில்லாத வாகனங்களுக்கு 'விதவுட்' என்ற பெயரே நிலைத்தது. ஒரே மாதிரியான இரு வாகனங்களில் பதிவுள்ளது ஒரு விலை, இல்லாதது மிகக் குறைந்த வேறொரு விலை.

2014இல் யங்கோனில் நின்றபோது தென் டகோன் கைத்தொழில் வலயத்தில் தமிழர் ஒருவரின் கராஜைப் பார்க்கக் கிடைத்தது. அவருடைய தகப்பனார் 1964இல் கப்பலேறாமல் நின்றவர். அவரது தமிழில் இராமநாதபுரத்து வாடை இருந்தது, இடையிடையே பர்மியச் சொற்கள். அன்று அங்கே ஒரு நான்கு சில்லு உந்துகை ஹைலக்ஸ் எஞ்சினில்லாமல் நின்றது. அதற்கு ஹயேஸ் வான் ஒன்றின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினை ஏற்றவிருந்தார். இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள், கியர்பெட்டியுடன் தடையின்றிப் பொருந்தும். ஆனால் வானின் ஒயில் சம்ப், ஹைலக்ஸின் முன் டிபரென்சலில் முட்டும். ஆகவே பழைய எஞ்சினின் சம்பையும் அதற்குள் எண்ணெயை உறிஞ்சும் குழாயையும் கழற்றிப் புதியதில் பூட்ட வேண்டும். இதை மறந்தவர்கள் சுத்தியலால் சம்பை அடித்து உள்வாங்கச் செய்வார்களாம். சில மாதத்தில் எண்ணெய் ஏறாமல் எஞ்சின் இறுகிவிடும். தனிச் சசி மேல் உடலை வைத்துப் பூட்டும் வாகனமாதலால் கூடு, எஞ்சின், கியர்பெட்டி எதையும் தனித்தனியே மாற்றலாம். ஏன் சசியைக்கூட மாற்றலாம். மாற்ற முடியாதது என்ன என்று கேட்டேன். "பேப்பர்தான் தம்பி," என்றார். "பேப்பர்தான் வண்டி. மத்ததெல்லாம் மாத்திக்கலாம்."

1982 பிரஜாவுரிமைச் சட்டம் பர்மிய மக்களை முழுப் பிரஜை, இணைப் பிரஜை, குடியுரிமை பெற்றவர் என்று தரம் பிரித்தது. அவர் எந்தத் தரத்தில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. பாரிஸிலும் பேர்ளினிலும் கடதாசிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அவர் சொன்ன வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

எரிபொருளையும் பார்க்க வேண்டும். பெற்றோல் பல வருடங்களாகப் பங்கீட்டில், புத்தகத்தில் குறித்துக் கொடுக்கப்பட்டது. மிச்சத் தேவை கறுப்புச் சந்தையில். 2004இலிருந்து யங்கோன் பஸ்களை இயற்கை வாயுவுக்கு மாற்ற அரசு நெருக்கியது. கழன்று விழும் நிலையிலிருந்த வாகனங்களின் அடியில் உயர் அமுக்க வாயுக் கலன்கள் ஏறின. 2007 ஓகஸ்ட் 15இல் முன்னறிவித்தல் இன்றி டீசல் விலை கலனுக்கு 1,500 கியாட்டிலிருந்து 3,000 ஆகவும், பெற்றோல் 2,500 ஆகவும், வாயு ஐந்து மடங்காகவும் உயர்ந்தன. பஸ் கட்டணம் கட்டாமல் கூலிக்காரர் வேலைக்கு நடந்தார்கள். சில நாட்களில் 88 மாணவர் தலைமுறையினர் அந்த நடையையே ஊர்வலமாக்கினார்கள். செப்ரெம்பரில் பிக்குகள் வீதிக்கு வந்தார்கள். உலகம் பிக்குகளின் காவியை நினைவில் வைத்திருக்கின்றது. தொடக்கம் பஸ் கட்டணம்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வரலாம். 1990இல் தொடங்கிய தடையில் பெற்றோல், பற்றரி, சீமெந்து எனப் பலவும் நிறுத்தப்பட்டன. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இதுவும் குறைந்த அமுக்க எஞ்சின்களால் சாத்தியமானதே. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டி வடிந்து எண்ணெயை நீராக்கும், பெயாரிங் தேயும். அதாவது ஒவ்வொரு பயணமும் எஞ்சினின் ஆயுளிலிருந்து கடன் வாங்கிய பயணம். புகையை மூச்சாக இழுத்தவர்களின் நெஞ்சையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தடை போட்டது அரசு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதேநேரம், வரும் பொருளுக்கு வரி அறவிட்டதும், மக்கள் சைக்கிளில் நோயாளியைக் கட்டிக்கொண்டு போன வீதியில் பிக்கப்புகளில் போனதும் யார் என்பதை எமது தடைக்கால நினைவுகள் சொல்லாமல் விடுகின்றன. 'தமிழனின் கண்டுபிடிப்பு' என்று அதைத் தேசியப் பெருமையாக்கியவர்கள் அந்த மெக்கானிக்குகளில் ஒருவரின் பெயரையாவது எழுதிவைத்தார்களா? இக்கேள்வியைக் கேட்டால் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துவதாகச் சொல்கிறார்கள். நான் வெள்ளை உலோகம் வார்த்த கையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

யங்கோனின் கதை 2011 செப்ரெம்பரில் ஒரு விசித்திரமான திருப்பத்தை அடைந்தது. 40 வருடத்துக்கு மேற்பட்ட வாகனத்தை அரசிடம் ஒப்படைத்தால், அதற்குப் பதிலாகப் புதியதொரு வாகனத்தை இறக்குமதி செய்ய அனுமதி என்று அறிவித்தார்கள். பின்னர் 30, 20 வருட வாகனங்களுக்கும் அது விரிந்தது. ஓடாத வாகனம் ஓடும் வாகனத்துக்குச் சமமான பெறுமதி பெற்றது. வேலிக்கரையில் துருவேறிக் கிடந்தவற்றைத் தேடி வாங்கினார்கள். அனுமதிச் சீட்டுகளே கைமாறி விற்கப்பட்டன. அரை நூற்றாண்டு ஓட வைத்த மெக்கானிக்குகளுக்கு அதில் பங்கில்லை. சீட்டைச் சேர்த்து வைத்தவர்களுக்கே பங்கு. 2017 ஜனவரி 16இல் பஸ் சேவை முழுவதும் மறுசீரமைக்கப்பட்டு, லைன் பிக்கப்புகள் நகரின் பிரதான வீதிகளிலிருந்து விலக்கப்பட்டன. வலப்பக்க ஸ்ரியறிங் வாகனங்களுக்கு இறக்குமதி மறுக்கும் கொள்கையும் அதையொட்டி வந்தது, பாதை மாறி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து.

2021 பெப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியை மீண்டும் பறித்தது. அதே வருடம் ஒக்ரோபரில், டொலர் தட்டுப்பாட்டில், கார் இறக்குமதியை இடைநிறுத்தியது. பழைய வாகனங்களின் விலை மறுபடி ஏறியது. 2011இல் நசுக்கத் தப்பிய ஹைலக்ஸ்களுக்கும், அவற்றின் பழைய சம்புகளுக்கும், மீண்டும் ஆட்கள் வந்தார்கள்.