தந்தியும் வானொலியும்: இலங்கை தரும் பாடம்

ஒரு நாட்டிற்குள் புதிய கருவி ஒன்று புகும்போது, அதனால் பயன் பெற்றவர் யார் எனக் கேட்டறிவது வரலாறு கற்போரின் கடமையாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இலங்கையின் தந்தி, வானொலி வரலாற்றை நாம் இந்நோக்கில் காண்போம். அது நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று. நம் முன்னோர் பலர் உழைத்து மடிந்த மண்ணின் கதையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் பெருஞ்செல்வம் காப்பி. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் அன்று காலித் துறைமுகத்தையே அடைந்தன. அவை கொணர்ந்த செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து சேர்க்க, ‘அப்சர்வர்’ என்னும் செய்தித்தாள் 1850 முதல் புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே தந்திக்கம்பி அமைக்கப்பட்டது. புறாக்கள் ஓய்வு பெற்றன. பின்னர் மன்னார் வழியாகக் கடலடிக் கம்பியின் துணையுடன் இந்தியாவோடும் தொடர்பு ஏற்பட்டது.

அதே மன்னார் வழியாகவே, தமிழக மாவட்டங்களிலிருந்து தோட்டத் தொழிலாளரும் சென்றனர். செய்தி சில நிமிடங்களில் கடல் கடந்தது. மனிதரோ காட்டுவழியே நாட்கணக்கில் நடந்தனர். வாந்திபேதிக்கு இரையாகி வழியிலேயே மாண்டவர் பலர். அத்தொழிலாளருள் பெரும்பகுதியினர் நம் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களே. தந்தி அடிக்கச் சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் உண்டு. எழுதவும் தெரிந்திருத்தல் வேண்டும். காசும் கல்வியும் இல்லாதார்க்கு அது தலைக்கு மேலே சென்ற வெறுங் கம்பியே ஆயிற்று.

வானொலியும் தந்தித் துறையிலேயே பிறந்தது. அத்துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பர், முதல் உலகப் போரில் பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பகுதிகளைக் கொண்டு 1923இல் சோதனை ஒலிபரப்பு நிகழ்த்தினார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படையினருக்காக அமைந்த நிலையத்தை ஏற்று, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ உருவாயிற்று. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகத்தின் சிற்றூர்களும் விரும்பிக் கேட்டன. எழுத்தறியாதவனும் கேட்டறியலாம் என்பது வானொலியின் தனிச்சிறப்பு.

ஆயினும், அதற்கு முந்திய 1948ஆம் ஆண்டில்தான், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. தமிழ்க்குரல் வான்வழியே எங்கும் ஒலித்தது; தேயிலை பறித்த தமிழர்க்கோ நாட்டின் ஆட்சியில் குரல் இல்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இளைஞர்களே! கருவிகள் மாறும். இந்தியாவில் தந்திச் சேவையே 2013இல் நின்றுவிட்டது. இன்று நம் கையில் செல்பேசி உள்ளது. கருவி வந்துவிட்டதாலேயே உரிமையும் வந்துவிடாது. பிறர் சொல்வதைக் கேட்பதோடு நில்லாமல், நம் செய்தியை நாமே எழுதவும் உரைக்கவும் வல்லவராதல் வேண்டும். அவ்வல்லமையைத் தருவது கல்வி. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றிவரும் தொண்டின் பொருள் இதுவே என்போம்.