நாடு இழந்தும் நடுகல் இழக்காதவர்

படைத்துறைப் பணி நிறைவு செய்த பெருமக்கள் வெளியிடும் இம்மலருக்கு, போர் நினைவுகளைப் பேணுதல் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். அதை என் பேறாகக் கொள்கிறேன். நம் படைப்பிரிவுகளின் வரலாறு உங்களுக்கு மனப்பாடம். ஆதலால் போலந்தைப் பற்றி எழுதுகிறேன்.

குறள் சென்ற நாடு

திருக்குறளின் 78-ஆம் அதிகாரம் படைச்செருக்கு. என் தலைவனை எதிர்த்து நின்று கல்லானவர் பலர் என்று அதன் முதற்குறளில் ஒரு வீரன் பகைவரை எச்சரிக்கிறான். எதிர்த்து மாண்டவனுக்கும் நடுகல் உண்டு என்பதே அக்குறள் காட்டும் மறநெறி. இந்த நூலைப் போலிஷ் மொழியாக்கியவர் வாண்டா தினோவ்ஸ்கா. அடையாற்றுப் பிரம்மஞான சபையோடும் ரமண மகரிஷியோடும் தொடர்புகொண்ட போலந்துப் பெண்மணி அவர். அம்மொழிபெயர்ப்பு 1958-ல் வெளிவந்தது. கல்லான வீரரைப் போற்றும் நூலை வரவேற்க அந்நாட்டுக்குத் தகுதி உண்டு, காரணம் பின்வருவது.

அரசில்லாத காலத்து அருங்காட்சியகம்

1772, 1793, 1795 என மூன்று முறை அண்டை வல்லரசுகள் போலந்தைப் பங்கிட்டன. நாடு வரைபடத்திலிருந்தே மறைந்தது. அந்நிலையில் இளவரசி இசபெலா சார்த்தோரிஸ்கா 1801-ல் புவாவி என்னும் ஊரில் ஒரு நினைவுக்கோயிலைத் திறந்தார். 1410-ஆம் ஆண்டு போலந்து வென்ற கிரன்வால்டு போரோடு இணைத்துப் போற்றப்பட்ட இரு வாள்களும் அங்கே இருந்தன. ரஷ்யருக்கு எதிரான 1830-31 எழுச்சி தோற்றபின் பல பொருள்கள் பாரிசுக்குத் தப்பின. பின்னர் கிராகோவுக்குத் திரும்பின. வாள்களோ ரஷ்யர் கையில் சிக்கித் தொலைந்தன.

கிராகோ மக்கள் 1820 முதல் 1823 வரை விடுதலைப் போர்த் தளபதி கொஷ்சியுஷ்கோவுக்கு ஒரு மண்மேடு எழுப்பினர். அவர் பொருத ரத்ஸ்வாவித்சே முதலிய களங்களின் மண்ணும் அதில் சேர்ந்தது. மன்னர் ஆணையால் எழுந்ததன்று அது. மக்கள் நன்றியால் எழுந்தது.

பெயரறியா வீரன்

விடுதலை பெற்ற போலந்தில் 1920 ஏப்ரல் 22-ல், சோவியத் படையோடு போர் நடக்கும்போதே, படை அருங்காட்சியகம் அமைக்க நாட்டுத் தலைவர் பில்சுத்ஸ்கி ஆணையிட்டார். போர் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

1925-ல் பெயரறியா வீரனுக்குக் கல்லறை அமைக்க முடிவாயிற்று. பதினைந்து போர்க்களங்களின் பெயரெழுதிச் சீட்டுக் குலுக்கியதில் லுவோவ் வந்தது. அங்கே தோண்டியெடுத்த மூன்று பேழைகளில் ஒன்றைத் தேர்ந்தவர், 1920 போரில் மகனை இழந்து அவன் உடலையும் காணப்பெறாத ஒரு தாய். அவர் தொட்ட பேழை நவம்பர் 2-ல் வார்சாவில் சாக்சன் அரண்மனைத் தூண்வரிசையின்கீழ் அடக்கமாயிற்று.

1944 டிசம்பரில் ஜெர்மானியர் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தனர். கல்லறையைச் சூழ்ந்த வளைவுகள் மட்டும் எஞ்சின. பின் வந்த கம்யூனிச அரசு அங்கிருந்த கல்வெட்டுப் பலகைகளிலிருந்து சோவியத் படையோடு பொருத களங்களின் பெயர்களை விலக்கியது. 1990-க்குப் பின் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. வெடிமருந்து கட்டடத்தை அழித்தது. பலகை மாற்றம் வரலாற்றையே அழிக்கப் பார்த்தது. இரண்டாவதே கொடிது என்பேன்.

காத்தினும் காசினோவும்

1940-ல் சோவியத் தலைவர் ஸ்டாலினின் ஆட்சி இட்ட ஆணைப்படி ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளும் பிறரும் காத்தின் முதலிய இடங்களில் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு மறுத்த மாஸ்கோ 1990-ல்தான் ஒப்புக்கொண்டது. வார்சாக் கோட்டையில் 2015-ல் திறந்த காத்தின் அருங்காட்சியகத்தில், புதைகுழிகளில் கிடைத்த பொத்தான்களும் கரண்டிகளும் கடிதங்களும் உள்ளன. மறுப்பை எதிர்த்து நின்ற சாட்சிகள் அவையே.

இத்தாலியின் மோன்டே காசினோவில் நம் 4-ஆம் இந்திய டிவிஷன் 1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குருதி சிந்தியது. மே 18-ல் அங்குள்ள மலை மடத்தின் இடிபாட்டில் போலந்துக் கொடி ஏறியது. மலைச்சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து வீரர் துயில்கின்றனர். அவர்களை நடத்திய தளபதி ஆண்டர்ஸ் 1970-ல் லண்டனில் மறைந்தார். தம் வீரரிடையே அடங்க வேண்டி அம்மலைக்கே கொண்டுவரப்பட்டார்.

வேண்டுகோள்

பெருமக்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பதக்கத்துக்கும் கடிதத்துக்கும் சீருடைக்கும் இன்றே ஒரு சீட்டு எழுதுங்கள்: யாருடையது, எந்தப் படைப்பிரிவு, எந்தக் களம், எந்த ஆண்டு. பேரப்பிள்ளைகளை அருகில் வைத்து எழுதுங்கள். பின்னர் அப்பொருள்களை உங்கள் படைப்பிரிவின் அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள்.