காயத்துக்கு வயது சொல்ல முடியுமா?

ஒருவரின் உடம்பில் ஒரு காயம் இருக்கிறது. அது நேற்று இரவு பட்டதா, நான்கு நாட்களுக்கு முன் பட்டதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ஒரு கொலை வழக்கிலோ, குழந்தையை அடித்த வழக்கிலோ யார் சிறைக்குப் போவது என்பதே சில சமயம் இதற்கான பதிலில் இருக்கிறது. நான்கு நாட்களுக்கு முன் அந்தக் குழந்தை யார் பொறுப்பில் இருந்தது, நேற்று யார் பொறுப்பில் இருந்தது என்பதுதானே வழக்கு!

இந்தத் தேடல் மிகப் பழையது. சீனாவில் 1247ல் சோங் சி என்ற நீதித்துறை அதிகாரி, பிணங்களைப் பரிசோதிப்பது பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். உயிரோடு இருக்கும்போது வெட்டினால் சதை சுருங்கி இரத்தம் தோய்ந்திருக்கும், இறந்த பின் வெட்டினால் வெளுத்துக் கிடக்கும் என்று அதில் பிரித்துக் காட்டினார். காயம் உயிரோடு இருக்கும்போது பட்டதா என்பதே அன்றைய கேள்வி. எத்தனை மணி நேரம் ஆனது என்ற கேள்விக்கு நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

1847ல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ, திசுக்களில் கசிந்த இரத்தம் நிறமிகளாக மாறுவதை விவரித்தார். 1867ல் ஜூலியஸ் கோன்ஹைம், தவளையின் இரத்தக் குழாய்ச் சுவர் வழியாக வெள்ளணுக்கள் வெளியேறுவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். அதே ஆண்டில் மாக்ஸ் பெர்ல்ஸ், திசுவில் உள்ள இரும்பை நீல நிறமாக்கிக் காட்டும் சாயமுறையை வெளியிட்டார். காயம் பட்ட இடத்தில் உடம்பு ஒரு ஒழுங்கோடு வேலை செய்கிறது, அந்த ஒழுங்கையே கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு இவைதான் அடிப்படை.

அடுத்த பெரிய அடியை 1960களில் பின்லாந்தின் ஜிர்க்கி ரேகாலியோ எடுத்து வைத்தார். காயத்தின் ஓரத்தில் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுவதை அவர் கண்டார். எஸ்டரேஸ் சுமார் 1 மணி நேரத்தில், அமினோபெப்டிடேஸ் 2 மணியில், ஆசிட் பாஸ்பட்டேஸ் 4 மணியில், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 8 மணியில் கூடுகின்றன. இறந்த பின் ஏற்பட்ட காயத்தில் இந்த மாற்றம் இல்லை. பின்னர் 1990களில் ஜெர்மனியின் பீட்டர் பெட்ஸ் போன்றவர்கள் மனிதத் தோல் காயங்களில் செல்களையும் புரதங்களையும் வரிசைப்படுத்தினார்கள். நியூட்ரோபில்கள் முதலில் வரும், மேக்ரோஃபேஜ்கள் பின்னால் வரும், கொலாஜன் உருவாக நாட்கள் ஆகும்.

இதற்கிடையே, வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும் பழைய முறை ஒன்றும் நடைமுறையில் இருந்தது. அதுதான் இரத்தக்கட்டின் நிறம். ஹீமோகுளோபின் சிதைந்து பச்சை நிற பிலிவெர்டினாகவும், பிறகு மஞ்சள் நிற பிலிரூபினாகவும் மாறுகிறது. முதலில் சிவப்பு, பிறகு நீலம், 5-6 நாளில் பச்சை, 7-12 நாளில் மஞ்சள் என்ற பட்டியலை இந்திய மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்து வந்தார்கள்.

இந்தப் பட்டியல்தான் ஆட்டம் கண்டது. 1991ல் லாங்லாய், கிரெஷாம் இருவரும் புகைப்படங்களை வைத்து ஆராய்ந்தபோது, 18 மணி நேரத்துக்கு முன் மஞ்சள் தோன்றவில்லை என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடிந்தது. சிவப்பும் நீலமும் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்! ஒரே ஆளின் உடம்பில் ஒரே நேரத்தில் பட்ட இரண்டு அடிகள்கூட ஒரே நிறத்தில் இருப்பதில்லை. குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு மதிப்பாய்வு, நிறத்தை வைத்து இரத்தக்கட்டின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றே முடித்தது.

ஆழம், உடம்பின் இடம், வயது, தோலின் நிறம், நோய் எல்லாமே அந்தக் கடிகாரத்தை வேகமாகவோ மெதுவாகவோ ஓட வைக்கின்றன. ஆகவே "சரியாக இத்தனை நாள்" என்று கூண்டில் ஏறிச் சொல்வதைவிட, "இத்தனை மணிக்குக் குறையாது" என்று சொல்வதே நேர்மையான சாட்சி. சோங் சி காலத்திலிருந்து இன்றுவரை இந்தத் துறை கற்றுக்கொண்ட பாடங்களில், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் ஒன்று.