எண்ணெய்க் கோடா, ஊசிக் கோடா?

திருப்பூருக்குப் போகும்போதெல்லாம் நண்பர் ஒருவருடைய பனியன் கம்பெனியில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். சென்ற முறை, துணியைச் சோதிக்கும் மேடையருகே நின்றுகொண்டிருந்தேன். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடியின் மேல், மெஷினில் பின்னி வந்த துணி ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே வேலை பார்க்கும் நடுவயது அம்மாள் ஒருவர் சட்டென்று அதை நிறுத்தி, ஓரிடத்தில் விரலை வைத்தார். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது.

"என்னம்மா அது?" என்றேன்.

"ஆயில் கோடா இருந்தா சலவையில போயிருமுங்க. ஊசி கெட்டு உளுந்த கோடா இருந்தா எத்தனை தொவச்சாலும் போகாது, வெட்டித்தான் எடுக்கோணும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்கும்."

வயிற்றில் தோன்றும் கட்டியின் சரித்திரத்தையே அந்த அம்மாள் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அங்கேயும் முதல் வேலை அறுப்பதல்ல, மருந்து கொடுப்பதுமல்ல. வந்திருப்பது இன்னதென்று அறிவதுதான். பெயர் தவறினால் வைத்தியமும் தவறும்.

நம் சென்னையிலேயே அப்படி ஒரு தவறு நடந்தது. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர். 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். சீதபேதி என்று கருதி அதற்கு மருந்து கொடுத்து வந்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்று. அது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. சீதபேதி அந்நாளில் ஊரெங்கும் காணும் நோய். அதன் போர்வைக்குள் புற்று ஒளிந்துகொண்டது. தமக்கை டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் துக்கத்தை அம்மையார் அழுது தீர்த்துவிடவில்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். பதினேழு ஆண்டுகள் சென்று, 1952-ல், நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு அது திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஒரு பெண்மணிக்கு இரைப்பையில் புற்று, அறுத்தும் பயனில்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள். இயன் டொனால்ட் என்ற பேராசிரியர் அப்போது ஒரு விசித்திரமான சோதனையில் இறங்கியிருந்தார். இரும்பில் உள்ள விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று பக்கத்துக் கொதிகலன் தொழிற்சாலையில் இருந்தது. 1955-ல் அவர், ஆபரேஷனில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். நீர்க்கட்டி ஒரு மாதிரியாகவும், சதைக்கட்டி வேறு மாதிரியாகவும் எதிரொலி கொடுத்தன! அந்த முறையில் இந்தப் பெண்மணியின் வயிற்றைப் பார்த்தபோது, உள்ளே இருந்தது இரைப்பைப் புற்றல்ல. சினைப்பையில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டி. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958-ல் அந்த ஆராய்ச்சி 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்கேனின் பூர்வகதை இதுதான்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விளக்கைப் பார்த்தபடியே, "எனக்கும் போன வருசம் வவுத்துல கட்டி வந்துச்சுங்க" என்றார்.

வயிறு உப்பி, உடல் இளைத்து, அடிவயிற்றில் கட்டி கையில் தட்டுப்பட்டதாம். நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏனம்மா?"

"கலியாணத்துக்குப் புள்ள இருக்குதுங்க. புத்துன்னு பேரு வந்துட்டா நல்ல எடமா வருமுங்களா?"

கடைசியில் அந்தப் பெண்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஆனால் ஸ்கேன், கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று காட்டும். அதன் பெயரைப் பெரும்பாலும் நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும். வயிற்றில் சிறு துளையிட்டு, ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை, காசநோய்! நுரையீரலுக்குத்தான் வரும் என்று நாம் நினைக்கும் அந்த நோய், வயிற்றுக்குள் புகுந்தால் புற்றைப் போலவே வேஷம் போடும். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டார், கட்டி கரைந்தது.

"சாமி காப்பாத்துச்சு" என்றேன்.

"டாக்டரம்மாவும் சந்தோசந்தான் பட்டாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க. 'புத்தா இருந்திருந்தா, நீ ஒளிச்சு வெச்ச நாலு மாசந்தான் உன்னைக் கொன்னிருக்கும்'னாங்க."

நான் பேசவில்லை. அவர் துணியிலிருந்த கோட்டுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்ட சிறு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

"அது எந்தக் கோடு, அம்மா?"

"ஒரு துண்டு வெட்டித் தொவச்சுப் பாத்தாத்தான் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு, மெஷினை ஓட விட்டார்.